நேத்து எப்படி குளிச்சீங்க, ஆச்சி?

வயசானவங்க அவங்க அன்றாட வேலைய தானே எவ்ளோ செஞ்சுக்கிறாங்கன்னு மார்க் போடுற ஃபார்ம் ரெண்டு என் டேபிள் மேல பக்கத்து பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டுலயும் ஒரே ஆச்சி பேரு, ஒரே கதவு நம்பர், ஒரே ரேஷன் கார்டு நம்பர். ஒண்ணுல என் கையெழுத்து, ஸ்கோர் 90. இன்னொண்ணுல எங்க கூட புதுசா சேந்த தம்பியோட கையெழுத்து, ஸ்கோர் 65. நடுவுல ஒன்பது நாள் இடைவெளி. தெரு லிஸ்ட் பிரிக்கும்போது அந்த முக்கு வீடு ரெண்டு பேரு லிஸ்ட்லயும் விழுந்திருக்கு, அவ்ளோதான், யாரும் பிளான் பண்ணி செஞ்சதில்ல. ஆனா எங்க அமைப்புல 75க்கு கீழ இருந்தாதான் காலையில ரெண்டு மணி நேரம் உதவிக்கு ஆள் அனுப்புவோம். என் ஃபார்ம்படி ஆச்சிக்கு யாரும் வேண்டாம், தம்பி ஃபார்ம்படி நாளைக்கே ஆள் போகணும். என் ஃபார்ம்தான் முதல்ல வந்துச்சுங்கிறதால ஆச்சி பேருக்கு நேரா 'தேவையில்லை'ன்னு போட்டு லிஸ்ட் மேல போயிருச்சு.

உண்மைய சொல்லணும்னா எனக்கு முதல்ல வந்தது கோவம்தான். தனியா இருக்கிற வயசானவங்கள வீடு வீடா போய் பாக்குற இந்த வேலைக்கு வந்து 11 வருஷம் ஆச்சு, இந்த ஃபார்மை கண்ண மூடிக்கிட்டு நிரப்புவேன், தம்பி வந்து மூணு மாசம்தான். பாவம்னு பரிதாபப்பட்டு கொறச்சு போட்டுட்டான், புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க, ரெண்டு வார்த்தை சொல்லி திருத்திரலாம்னு நினைச்சேன். அவன கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு வரி வரியா பாக்க ஆரம்பிச்சேன். பாக்க பாக்க எனக்கு பேச்சு கொறஞ்சு போச்சு.

இந்த ஃபார்முக்கு பேரு பார்த்தெல் ஸ்கேல், பத்து கேள்வி, மொத்தம் 100, மார்க் கூடக் கூட அந்த ஆளு அடுத்தவங்க உதவி இல்லாம செஞ்சுக்கிறார்னு அர்த்தம். சாப்பாடு ரெண்டு பேருமே 10 போட்டிருந்தோம். தலைவாருறது மூஞ்சி கழுவுறது ரெண்டு பேரும் 5. மலம் அடக்குறது ரெண்டு பேரும் 10. மிச்ச ஏழுலயும் வேற வேற. குளியல், உடுத்துறது, கக்கூஸ் போறது, படுக்கைல இருந்து எந்திரிக்கிறது, நடக்குறது, படி ஏறுறது, இந்த ஆறுலயும் நான் அவன விட அஞ்சு அஞ்சு கூட போட்டிருக்கேன். ஒண்ணே ஒண்ணுல, மூத்திரம் அடக்குறதுல, நான் 5 போட்டிருக்கேன் அவன் முழுசா 10 போட்டிருக்கான். அங்கதான் என் பரிதாப கதை உடைஞ்சுது. பரிதாபப்பட்டு கொறைக்கிறவன் இதுல மட்டும் எதுக்கு கூட்டி போடணும்?

"தம்பி, ஆச்சி கிட்ட மூத்திரம் பத்தி கேட்டியா?"ன்னு கேட்டேன். "கேட்டேன்க்கா, அதெல்லாம் ஒண்ணுமில்லய்யான்னு சொல்லிட்டாங்க"ன்னான். என்கிட்ட ஆச்சி குரல தணிச்சு, தும்முனா இருமுனா துணி நனைஞ்சு போகுது பிள்ளேன்னு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. இருபத்தி நாலு வயசு பையன் கிட்ட எந்த ஆச்சி இத சொல்லுவா?

சரி, அது அவன் விட்டது. அப்ப நான் விட்டது எது?

ஒரே கேள்வி, ரெண்டு கேள்வி

மறுநாள் காலையில ஆறரைக்கே ரெண்டு பேரும் சேந்து போனோம். குளிக்கிற நேரத்துல போகணும்னு தம்பிதான் சொன்னான். பழைய ஓட்டு வீடு, ஒரே அறை. ஆச்சி அம்பது வருஷமா பீடி சுத்துனவங்க, இப்பவும் சொளவு மடியில இருக்கு, இலை இல்ல தூள் இல்ல, ஆனா சொளவ விட மாட்டேங்குறாங்க, அதுல முருங்கைக்கீரைய போட்டு உருவிக்கிட்டு இருந்தாங்க. விரல் ரெண்டும் இன்னும் அதே வேகம். போன தடவை நான் இந்த விரலத்தான் பாத்திருக்கேன். இவ்ளோ சுறுசுறுப்பா இருக்காங்களேன்னு நினைச்சது ஞாபகம் இருக்கு, அந்த நினைப்பு என் பேனாவுல எத்தனை மார்க் ஏறுச்சோ.

ஜன்னல் கம்பியில பழைய சேலைய முறுக்கி கயிறு மாதிரி கட்டி தொங்கவிட்டிருந்தாங்க, நுனியில ஒரு முடிச்சு. போன தடவை அது கண்ணுல பட்டிருக்கும், துணி காயப்போட்டிருக்காங்கன்னு நினைச்சிருப்பேன். தம்பி காமிச்சான். ராத்திரி பாயில இருந்து எந்திரிக்க ஆச்சி அந்த முடிச்சை புடிச்சுத்தான் எந்திரிக்கிறாங்க.

பின்னால தகரம் அடைச்ச குளிக்கிற இடம், ஒரு சிமெண்ட் தொட்டி. பக்கத்து வீட்டு பொண்ணு வந்து தண்ணி மொண்டு வச்சுது, ஆச்சி கைய புடிச்சு உக்கார வச்சுது, முதுகு தேச்சு விட்டுது, முடிச்சு எந்திரிக்க வச்சுது. குளியல்ங்கிற வரியில நான் 5 போட்டிருக்கேன். பார்த்தெல்ல குளியலுக்கு நடுவுல மார்க்கே கிடையாது, யார் உதவியும் இல்லாம குளிச்சா 5, இல்லன்னா 0.

குளிச்சுட்டு வந்து உக்காந்ததும் நான் ஆச்சி கிட்ட நேராவே கேட்டுட்டேன். "ஆச்சி, போன தடவ நான் கேட்டப்ப குளிச்சிருவேன்னு சொன்னீங்களே?"

ஆச்சிக்கு ஒரு சங்கடமும் இல்ல. "நீ என்ன கேட்ட? 'குளிக்க முடியுமா ஆச்சி'ன்னு கேட்ட. முடியும்னேன். ஏன் முடியாது, இவ வரலேன்னா குளிக்காமலா கெடக்கப் போறேன், எப்படியும் ரெண்டு செம்பு ஊத்திக்கிட மாட்டேனா? இந்தப் பய 'நேத்து எப்படி குளிச்சீங்க'ன்னு கேட்டான். நேத்து இவதான் ஊத்துனா. சொன்னேன். ரெண்டு பேருக்கும் உள்ளதத்தான சொன்னேன்?"

உள்ளதத்தான் சொன்னாங்க. இந்த இடத்துலதான் நான் ரொம்ப நாள் நின்னுட்டேன். முடியுமான்னு ஒரு பொம்பளைகிட்ட கேட்டா, அதுவும் வீட்டுக்காரர் போயி இருவது வருஷமா தனியா நின்னு பொழைச்ச ஒரு பொம்பளைகிட்ட கேட்டா, அது உடம்ப பத்தின கேள்வியே இல்ல. நீ இன்னும் ஆளா, இல்ல முடிஞ்சு போச்சான்னு கேக்குற மாதிரி அவங்களுக்கு கேக்கும். அதுக்கு முடியும்னுதான் பதில் வரும், வேற என்ன வரும். நேத்து எப்படின்னு கேட்டா அது வெறும் சங்கதி. அதுல மானம் போறதுக்கு ஒண்ணுமில்ல. ஃபார்மில 'குளியல்'னு ஒரு வார்த்தை மட்டும்தான் இருக்கு, கேள்விய நாங்க ஒவ்வொருத்தரும் அவங்க அவங்க வாயில இருந்து போட்டுக்கிட்டு இருந்திருக்கோம். நான் 11 வருஷமா 'முடியுமா'ன்னு கேட்டிருக்கேன். தம்பிக்கு யாரும் சொல்லித்தரல, அவன் அம்மா வழி தாத்தாவ வீட்டுல வச்சு பாத்த பழக்கத்துல 'நேத்து'ன்னு கேட்டிருக்கான்.

இதுல மனசு கஷ்டப்பட்ட விஷயம் என்னன்னா இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்ல. அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலத்துல ப்ளோரன்ஸ் மஹோனிங்கிற டாக்டரும் டாரத்தியா பார்த்தெல்ங்கிற பிசியோதெரபிஸ்டும் 1965ல இந்த ஸ்கேல வெளியிட்டாங்க. 1988ல இங்கிலாந்துல காலின், வேட் இவங்க குழு இதே ஸ்கேலோட நம்பகத்தன்மைய சோதிச்சு எழுதினாங்க. அந்த வழியில வந்த குறிப்புல முதல் வரியே, அந்த ஆளு என்ன செய்யிறார்னு பதிவு பண்ணு, என்ன செய்ய முடியும்னு பதிவு பண்ணாதேங்கிறதுதான். கடைசி ஒரு நாள் ரெண்டு நாள்ல நடந்தத எடு, பக்கத்துல யாராச்சும் நின்னு பாத்துக்கிட்டாதான் செய்வாங்கன்னா அது தனியா செய்யிறதா ஆகாது, கம்பு மாதிரி எதாச்சும் புடிச்சு தானே செஞ்சா அது தனியா செய்யிறதுதான், எல்லாமே எழுதியிருக்கு. எங்களுக்கு கையில வந்தது பத்து வரி உள்ள ஒரு ஷீட் மட்டும். குறிப்பு எந்த ஜெராக்ஸ் கடையில விட்டுப்போச்சோ, எனக்கு முன்னாடி இருந்தவங்க கிட்டயும் இல்ல.

அந்த குறிப்ப தேடி எடுத்து கையில வச்சு ஆச்சிக்கு திரும்ப மார்க் போட்டோம். குளியல் 0, தம்பி சொன்னதுதான். உடுத்துறது 5, ஏன்னா வீட்டுல நைட்டிதான், அதுவும் கை நுழைக்க அந்த பொண்ணு வரணும், சேலை கடைசியா கட்டுனது ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு, அன்னிக்கும் அந்த பொண்ணுதான் கொசுவம் வச்சு விட்டிருக்கு. நடக்குறது 10, நான் வீட்டுக்குள்ள சுவத்த புடிச்சு நடந்தத பாத்து 15 போட்டிருந்தேன், ஆனா அது அம்பது கெஜ தூரத்துக்கான கேள்வி, கடை வரைக்கும் போக ஒரு கை வேணும். கக்கூஸும் படியும் தம்பி போட்டதே சரி. எந்திரிக்கிறதுல மட்டும் தம்பி 10 போட்டிருந்தான், கயிறு புடிச்சுத்தான எந்திரிக்காங்கன்னு. கயிறும் கம்பு மாதிரிதான், ஆச்சி தானே எந்திரிக்கிறாங்க, அதனால 15. மூத்திரம் நான் போட்ட 5.

கூட்டினா 65. தம்பி முதல்ல போட்ட அதே 65.

அவன் முகம் மலர்ந்துச்சு, எனக்கு அது நியாயமா படல. அவன் ஃபார்மில ரெண்டு வரி தப்பு, ஒண்ணு அஞ்சு ஏறி ஒண்ணு அஞ்சு இறங்கி மொத்தம் சரியா வந்திருக்கு. மொத்தத்த மட்டும் பாத்திருந்தா தம்பி நூத்துக்கு நூறு சரின்னு எழுதிட்டு போயிருப்போம், ஆச்சிக்கு அனுப்புற ஆளு கிட்ட மூத்திரத்துக்கு துணி பேடு எடுத்துட்டு போன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டோம்.

நாங்க ஏற்கனவே செஞ்ச டெஸ்ட்

இது நடந்த பிறகு எனக்கு தூக்கம் போனது வேற ஒரு காரணத்துக்காக. அதுக்கு முந்தின வருஷம்தான் எங்களுக்கு பணம் குடுக்கிற டோனர் கேட்டாங்கன்னு, யாரு போய் பாத்தாலும் ஒரே மார்க் வருதான்னு பாக்குற ரிலையபிலிட்டி டெஸ்ட் ஒண்ணு செஞ்சு ரிப்போர்ட் குடுத்திருந்தோம். அத எழுதினதுல நானும் ஒரு ஆளு. ரெண்டு பேரு சேந்து ஒரு வீட்டுக்கு போவோம், ஒரே பாயில உக்காருவோம், ஒருத்தர் கேப்போம், தாத்தாவோ பாட்டியோ பதில் சொல்லுவாங்க, ரெண்டு பேரும் தனித்தனி ஃபார்மில மார்க் போடுவோம், பேசிக்க மாட்டோம். பொருத்தம் பிரமாதமா வந்துச்சு. ஏன் வராது? கேள்வி ஒண்ணு, பதில் ஒண்ணு, காதுல விழுந்தத ரெண்டு பேரும் எழுதினோம். நாங்க அளந்தது ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி காது கேக்குதாங்கிறத மட்டும்தான். நிஜ வேலையில ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் போறோம், கேள்விய அவரே போடுறார், எப்ப போறோம், யாரு பக்கத்துல இருக்கா, போன ஆளு ஆம்பளையா பொம்பளையா, எல்லாமே மாறுது. மாறுற எல்லாத்தையும் கட்டிப்போட்டுட்டு மாறலன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கோம்.

அதே ரிப்போர்ட்ல ஆல்ஃபாங்கிற நம்பர் நல்லா இருக்குன்னும் ஒரு வரி. க்ரோன்பாக்ங்கிற ஆராய்ச்சியாளர் 1951ல எழுதினதுல இருந்து எல்லாரும் புடிச்சுக்கிட்ட நம்பர் அது, எக்செல் தெரிஞ்சா போதும், ஒரே ஒரு தடவை எடுத்த டேட்டாவிலேயே போட்டுரலாம், ரெண்டாவது ஆள் வேண்டாம், ரெண்டாவது தடவை போக வேண்டாம், அதனாலதான் எல்லா ரிப்போர்ட்லயும் அது இருக்கு. ஆனா அது சொல்றது ஒரு ஃபார்மில உள்ள கேள்வி எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேந்து போகுதாங்கிறத. நான் எல்லார் கிட்டயும் 'முடியுமா'ன்னே கேட்டு எல்லா வரியிலயும் அஞ்சு அஞ்சு கூட்டி போட்டுக்கிட்டே இருந்தாலும் ஆல்ஃபா அழகாத்தான் வரும். என் 90க்கும் தம்பியோட 65க்கும் நடுவுல உள்ள பள்ளம் அந்த நம்பருக்கு தெரியவே தெரியாது.

90 சதவீதம் பொருத்தம்னா

எங்க சூப்பர்வைசர் கிட்ட இத கொண்டு போனப்ப அவர் நல்ல மனுஷன், கேட்டார். கேட்டுட்டு, எந்த டூலும் நூறு சதவீதம் வராதும்மா, 90 சதவீதம் பொருந்துனா போதாதா, பத்து சதவீதம் மனுஷ தப்புதானேன்னார். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பினேன். அதனால அவர் டேபிள்லயே ஒரு பேப்பர்ல கணக்கு போட்டு காமிச்சேன், இங்கயும் போடுறேன், இது கற்பனை கணக்குதான், ஆனா எங்க வேலையோட வடிவம் இதுதான்.

100 பேரை ரெண்டு பேரு தனித்தனியா பாக்குறோம்னு வைங்க. 85 பேருக்கு உதவி வேண்டாம்னு ரெண்டு பேரும் சொல்றோம். 5 பேருக்கு வேணும்னு ரெண்டு பேரும் சொல்றோம். ஆக 90 பேர்ல ஒத்துப்போறோம். மிச்சம் 10 பேர்ல, 5 பேருக்கு நான் வேணும்ங்கிறேன் தம்பி வேண்டாம்ங்கிறான், 5 பேருக்கு அவன் வேணும்ங்கிறான் நான் வேண்டாம்ங்கிறேன். 90 சதவீதம், கேக்க நல்லா இருக்கு. இப்ப உதவி வேணும்னு நான் குறிச்ச 10 பேரை எடுங்க. அதுல தம்பியும் குறிச்சது 5 பேரைத்தான். பாதி! நான் ஆள் அனுப்புற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு, தம்பி போயிருந்தா கதவு சாத்தியிருக்கும். அந்த 85 பேரு யாருன்னா வயலுக்கு போயிட்டு ஆடு மேய்ச்சுட்டு வர்ற தாத்தாக்கள், அவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல எந்த ஸ்கேலும் வேண்டாம், தெருவுல போறவங்க சொல்லிருவாங்க. ஸ்கேல் வேலை செய்ய வேண்டிய இடத்துல, சந்தேகமா இருக்கிற அந்த 15 பேரு கிட்ட, அது மூணுல ஒரு பங்குதான் ஒத்துப்போயிருக்கு.

இதுக்காகத்தான் ஜேக்கப் கோஹன் 1960லயே கப்பான்னு ஒரு கணக்கு குடுத்தார், குருட்டாம்போக்குல ஒத்துப்போறத கழிச்சுட்டு மிச்சத்த பாக்கணும்னு. மேல சொன்ன கணக்குல ரெண்டு பேரும் 100க்கு 10 பேரை குறிக்கிறோம், அப்ப கண்ண மூடிக்கிட்டு டிக் அடிச்சாலே 82 சதவீதம் பொருந்தும். அத கழிச்சா மிஞ்சுறது 18ல 8, கப்பா 0.44, முழுசா பொருந்துனா 1 வரணும். எவ்ளோ கப்பா வந்தா எவ்ளோ நல்ல பொருத்தம்னு லாண்டிஸ், காக் ரெண்டு பேரு 1977ல போட்ட பட்டியல வச்சு இத 'மிதமான' பொருத்தம்னு ரிப்போர்ட்ல எழுதிரலாம். அந்த பட்டியல போட்டவங்களே இந்த எல்லைக்கோடு எல்லாம் நாங்களா வச்சதுன்னுதான் சொல்லியிருக்காங்க, ஆனா ரிப்போர்ட்ல எழுதுறவங்க அந்த வரிய விட்டுட்டு 'மிதமான'ங்கிறத மட்டும் எடுத்துக்குறாங்க.

சூப்பர்வைசர் பேப்பரை கொஞ்ச நேரம் பாத்துட்டு, அந்த நடுவுல உள்ள பத்து பேரு யாரு யாருன்னு நமக்கு தெரியாதுல்லன்னு கேட்டார். தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போற வரைக்கும் எப்பவும் தெரியாது. ஆச்சி விஷயத்துல லிஸ்ட் பிரிக்கிறதுல வந்த ஒரு பிசகால தெரிஞ்சுது.

வெண்ணெய், படிக்கட்டு, மருமக

அதுக்கு பிறகு நாங்க ஒழுங்கா ஒரு டெஸ்ட் செஞ்சோம். ஒரே ஆளு கிட்ட ரெண்டு பேரு தனித்தனியா, ரெண்டு நாளுக்குள்ள, ஒருத்தர் ஃபார்மை இன்னொருத்தர் பாக்காம, யாரு முதல்ல போறதுங்கிறத மாத்தி மாத்தி. நாள் தள்ளிப்போனா உடம்பே மாறிரும், அது டூலோட தப்பா உடம்போட மாத்தமான்னு பிரிக்க முடியாது, அதுக்குத்தான் ரெண்டு நாள். நேரமும் ஒண்ணா வச்சோம், ஏன்னா மூட்டுவலி உள்ளவங்க காலையில ஒரு ஆளு, மதியத்துக்கு மேல வேற ஆளு. 24 பேரைத்தான் பாக்க முடிஞ்சுது. 24 பேரை வச்சு கப்பா போட்டு நம்பர் சொல்ல நான் விரும்பல, ஒரு ஆளு அங்கிட்டு இங்கிட்டு மாறினாலே அந்த நம்பர் ஆடும். எனக்கு உபயோகமா இருந்தது நம்பர் இல்ல, எந்தெந்த வரியில பிரிஞ்சோம், ஏன் பிரிஞ்சோம்ங்கிறதுதான்.

சாப்பாட்டுல கிட்டத்தட்ட பிரியவே இல்ல. ஆனா அங்கயும் நடு மார்க்குக்கு உள்ள விளக்கத்துல 'வெட்ட, வெண்ணெய் தடவ உதவி வேணும்'னு இருக்கு. கஞ்சியும் துவையலும் சாப்பிடுற ஊர்ல வெண்ணெய் தடவுறதுக்கு என்ன மார்க்? கைல பெசஞ்சு வாய்க்கு கொண்டு போறாங்களா, சோத்த தட்டுல யாராச்சும் கரைச்சு வைக்கணுமான்னு பாத்தோம். மோசமா பிரிஞ்சது படிக்கட்டுல. எங்க ஏரியாவுல பாதி வீட்டுல மாடியே கிடையாது. ஒருத்தர் வாசப்படிய கேட்டிருக்கோம், ஒருத்தர் பஸ் படிய கேட்டிருக்கோம், ஒருத்தர் கோயில் படிய கேட்டிருக்கோம், எல்லாமே அதே வரியில 10, 5, 0ன்னு போய் உக்காந்துக்குது. வாசப்படிய தாண்டுறதும் டவுன் பஸ்ஸோட முதல் படிய ஏறுறதும் ஒண்ணா? கடைசில எல்லாரும் பஸ் படின்னு கேக்குறதா முடிவு பண்ணினோம், ஆஸ்பத்திரிக்கு போகணும்னா அதுதான் படி. அப்படி மாத்தினா அது பழைய பார்த்தெல் இல்ல, அதையும் ஃபார்ம் மேலயே எழுதி வச்சோம், வேற ஊரு நம்பரோட நாளைக்கு யாராச்சும் ஒப்பிட்டு பாத்துரக்கூடாது.

இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்ல. 1990கள்ல ஹரியானாவுல பல்லப்கர் கிராமங்கள்ல மறதி நோய் ஆராய்ச்சி செஞ்சப்ப, எழுதப்படிக்க தெரியாத வயசானவங்களுக்கு வெளிநாட்டு கேள்வி பொருந்தாதுன்னு அவங்க அன்றாட வாழ்க்கையில இருந்தே கேள்வி எடுத்து, நம்ம நாட்டுக்குன்னு தனியா ஒரு ஸ்கேலே செஞ்சாங்க. செய்யலாம், செஞ்சிருக்காங்க. நாங்க செய்யல, ஜெராக்ஸ் எடுத்தோம்.

பிறகு பக்கத்துல யாரு இருக்காங்கிறது. மருமக அடுப்படியில நின்னா மாமியார் சொல்ற பதில் வேற, மருமக தண்ணி எடுக்க போனா வேற. சில வீட்டுல மருமகளே முந்திக்கிட்டு பதில் சொல்லும், அதுல கஷ்டத்த கொஞ்சம் கூட்டியும் சொல்லும், நாள் பூரா பாக்குற அலுப்பு அது, பொய் இல்ல. மகன் வீட்டுல இருந்தா அப்பா எல்லாம் செஞ்சுக்கிருவாங்கன்னு சொல்லுவார், ஏன்னா அவர் பாக்குறது ராத்திரி எட்டு மணி அப்பாவ. இப்ப யாரு பதில் சொன்னாங்கங்கிறதையும் வரிக்கு வரி குறிக்கிறோம். மூத்திரம், மலம் ரெண்டு கேள்விய தனியா, கதவ சாத்திட்டு, பொம்பளைங்க கிட்ட பொம்பளைதான் கேக்கணும்னு வச்சிருக்கோம், அந்த ஒரு விஷயத்துக்காக ரெண்டு தடவை போக வேண்டி வந்தாலும் சரின்னு.

ஒரு நாளைக்கு 12 வீடுன்னு டார்கெட் இருந்துச்சு, இப்ப 7. மேல இருக்கிறவங்க கிட்ட இருந்து இதுக்கு எதிர்ப்பு வந்துச்சு, இன்னும் வருது. அஞ்சு வீடு கொறைஞ்சா அஞ்சு பேருக்கு உதவி தள்ளிப்போகுதேன்னு கேக்குறாங்க, அதுல நியாயம் இருக்கு, இல்லேங்கல. ஆனா 12 வீடு பாத்த காலத்துல நான் கதவு சாத்தினது எத்தனைன்னு யாரும் கேக்கல. வேணும்னு சொல்லி வேண்டாதவங்களுக்கு ஆள் போனா ஒரு வாரத்துல தெரிஞ்சிரும், போன பொண்ணே வந்து சொல்லிரும். வேண்டாம்னு எழுதிட்டா திரும்பி அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டோம், அந்த தப்பு வெளிய வர வழியே கிடையாது. மாற்றுத்திறனாளி சலுகைகளுக்கு 2016 சட்டத்துல 40 சதவீதம்னு கோடு வச்சிருக்காங்களே, அங்கயும் 40க்கு கொஞ்சம் கீழ விழுந்து திரும்பி போறவங்கள பாக்கும்போது எனக்கு இப்ப இதுதான் தோணுது, இன்னொரு டாக்டர், இன்னொரு நாள், இன்னொரு கேள்வின்னா எங்க நின்னிருக்கும்னு. கோடு வேணும், கோடு இல்லாம பணத்தையும் ஆளையும் பிரிக்க முடியாது. ஆனா கோட்டுக்கு பக்கத்துல விழுற ஆள இன்னொருத்தர் போய் பாக்காம திருப்பி அனுப்புறது சரியில்ல. எங்க அமைப்புல இப்ப 65ல இருந்து 85 வரைக்கும் வர்ற யாரா இருந்தாலும் ரெண்டாவது ஆள் தனியா போய் பாத்துட்டுதான் முடிவு. அப்படியும் பாத்தா என் பழைய 90 இதுல மாட்டியிருக்காது. அது என்னை இன்னும் உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

ஆச்சிக்கு இப்ப காலையில ஆள் போகுது. பக்கத்து வீட்டு பொண்ணு அதுக்கு பிறகுதான் காலை ஷிஃப்டுக்கு வேலைக்கு போக ஆரம்பிச்சிருக்கு, அந்த பொண்ணோட காலை நேரம் எந்த ஃபார்மிலயும் ஒரு வரி கூட இல்லங்கிறது அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

பழைய ஃபார்ம் எல்லாம் ஆபீஸ் பீரோவுல மஞ்ச கயிறு போட்டு கட்டி இருக்கு. என் கையெழுத்துல 'தேவையில்லை'ன்னு போட்டது 2019ல இருந்து இருக்கிறது வரைக்கும் தனியா எடுத்து வச்சிருக்கேன். சில பேரு இப்ப இல்ல. இருக்கிறவங்கள தெரு வாரியா பிரிச்சாச்சு, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் போறதா தம்பியும் நானும் பேசிக்கிட்டோம், அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், பழைய ஸ்கோரை மடிச்சு மறைச்சு வச்சிருக்கோம். இந்த ஞாயித்துக்கிழமை கீழத்தெரு. முதல் வீடு ஒரு தாத்தா, தச்சு வேலை பாத்தவர். கேக்க வேண்டியத ஃபார்ம் பின்பக்கம் எழுதிட்டேன்: நேத்து குளிச்சீங்களா, தண்ணி யாரு மொண்டா, எந்திரிக்க எத புடிச்சீங்க.